கைக்கடிகாரமும் வாய்மையும்

முன்னுரை

பண்டைத் தமிழர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்துக் கணக்கிட்டனர். ஒரு நாழிகை இக்கால அளவையில் 24 நிமிடமாகும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டில், பாசறையில் தங்கிய அரசனுக்கு நீர்க்கடிகாரத்தால் பொழுதை அளந்து கூறும் நாழிகைக் கணக்கரைப் புலவர் நப்பூதனார் காட்டுகின்றார். அவர் அக்கணக்கருக்குக் கூறும் சிறப்பு, அவர்தம் கல்வியோ செல்வமோ அன்று. பொய் கூறாதவர் என்பதே அவர் பெற்ற சிறப்பு. படையெழுச்சியும் காவல் மாற்றமும் அவர் வாய்ச்சொல்லை நம்பி நிகழ்ந்தமையால், பொழுது கூறுவோனுக்கு வாய்மையே முதற்றகுதி ஆயிற்று.

இக்காலத்தே அக்கணக்கரின் தொழிலை நம் மணிக்கட்டில் கட்டிய சிறு கருவி செய்கின்றது. பழைய இயந்திரக் கைக்கடிகாரங்களைத் தேடிச் சேர்த்தலும், பழுது நீக்குதலும், மாற்றியமைத்தலும் மாணவர் சிலரிடத்தும் தொழிற்சாலை அன்பர் பலரிடத்தும் இந்நாளில் பொழுதுபோக்காகப் பரவி வருகின்றன. இப்பொழுதுபோக்கினைப் பற்றி யாம் கற்றவற்றையும், அதன்கண் வாய்மை எங்ஙனம் சோதிக்கப்படுகின்றது என்பதையும் ஈண்டு எடுத்துரைப்பாம்.

எம் வட்டாரமும் கடிகாரமும்

திருவள்ளூர் வட்டாரத்தார்க்கு மணிக்கணக்கு புதியதன்று. தென்னாட்டின் முதல் பயணியர் இருப்புப்பாதை 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வழியாக வாலாஜா சாலை வரையில் திறக்கப்பட்டது. புகைவண்டி வந்தவிடத்துக் கடிகாரமும் வந்தது. அந்நாளில் சென்னை வான்ஆய்வு நிலையம் கணித்த சென்னை நேரத்தையே இருப்புப்பாதைகள் பின்பற்றின. 1906-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாளில் இந்தியப் பொதுநேரம் நடைமுறைக்கு வந்தபொழுது, சென்னை நேரத்தினும் ஏறத்தாழ 9 நிமிடம் முற்பட்டதாகக் கடிகார முட்கள் திருத்தப்பெற்றன.

பின்னர், 1971-இல் தோன்றிய சிப்காட் நிறுவனத்தின் தொழில்வளாகம் கும்மிடிப்பூண்டியில் அமைந்தது. இரும்பு உருட்டாலைகளும் உதிரிப்பாகத் தொழிற்சாலைகளும் பெருகின. மூன்று ஷிப்டுகளாகப் பகுக்கப்பட்ட தொழிலாளர் வாழ்க்கையில் கைக்கடிகாரம் அணிகலனாக அன்றிச் சோறுபோலத் தேவையாயிற்று.

அத்தேவையை நிறைவேற்றியது யாது? விடுதலைக்கு முன்னர் நம் நாட்டார் அணிந்தவை பெரும்பாலும் சுவிட்சர்லாந்துக் கடிகாரங்களே. 1865-இலேயே பம்பாயில் வணிகம் தொடங்கிய ஃபாவர்-லூபா நிறுவனமும், முதல் உலகப்போரில் இந்தியப் படையினர் கையில் விளங்கிய வெஸ்ட் எண்டு கடிகாரமும் அக்காலத்துப் பெயர்பெற்றவை. சென்னையில் மவுண்ட் ரோட்டில் பி. ஓர் அண்ட் சன்ஸ் கடை புகழ்பெற்று விளங்கியது. எனினும் அவை எளியோர் கைக்கு எட்டாதவை. 1953-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்னும் அரசு நிறுவனம், ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் துணைகொண்டு, 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரங்களை ஆக்கத் தொடங்கியது. எச்.எம்.டி. என மக்கள் வழங்கிய அக்கடிகாரங்களுள் ஜனதா, பைலட், சோனா, கோஹினூர் முதலியன நாடெங்கும் பரவின. கண்பார்வையற்றோர் விரலால் தடவிப் பொழுதறியும் புள்ளியெழுத்துக் கடிகாரத்தையும் அந்நிறுவனம் செய்தளித்தது.

1969-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று ஜப்பானிய சீக்கோ நிறுவனம் உலகின் முதல் குவார்ட்சு கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. மின்கலத்தால் இயங்கும் அவ்வகை, சாவி கொடுக்கும் கடிகாரத்தினும் பன்மடங்கு துல்லியமானது. தமிழக அரசின் டிட்கோவும் டாட்டா குழுமமும் இணைந்து 1984-இல் தோற்றுவித்த டைட்டன் நிறுவனம், ஓசூரில் தொழிற்சாலை நிறுவிக் குவார்ட்சு கடிகாரங்களையே பெரிதும் ஆக்கியது. எச்.எம்.டி.யின் செல்வாக்குக் குன்றிற்று. 2016-இல் அதன் கைக்கடிகாரப் பிரிவை மூடிவிட மைய அரசு முடிவு செய்தது. ஆக்குவோர் நின்ற பின்னரே சேர்ப்போர் மிகுந்தனர் என்பது வியப்புக்குரியது.

உள்ளமைப்பு

சாவி கொடுக்கும் கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து நோக்குவார்க்கு முதலில் தோன்றுவது குழப்பமே. ஆயின் அதன் தத்துவம் எளிது. பக்கத்துக் குமிழைத் திருகுங்கால், ஓர் உருளைக்குள் சுருண்டு கிடக்கும் மெயின் ஸ்பிரிங் என்னும் எஃகு நாடா இறுகுகின்றது. அது விரிய முயலுங்கால் உருளையைச் சுழற்றுகின்றது; உருளை பற்சக்கரங்களைச் சுழற்றுகின்றது. தடுப்பாரின்றேல் அவ்விசை முழுவதும் சில நொடிகளிற் செலவாகிவிடும். ஆகவே கடைசிச் சக்கரத்தின் பற்களை ஒவ்வொன்றாகத் தடுத்து விடுவிக்கும் கவை ஒன்று அமைக்கப்பட்டுள்ளது. அக்கவையை ஆட்டுவது பேலன்ஸ் என்னும் சமநிலைச் சக்கரம். மயிரினும் நுண்ணிய ஹேர் ஸ்பிரிங் அச்சக்கரத்தை முன்னும் பின்னும் ஊசலாடச் செய்கின்றது. நாம் காதிற் கேட்கும் டிக்கென்னும் ஒலி, கவை பல்லைத் தடுக்கும் ஒலியேயாகும்.

எச்.எம்.டி. ஜனதாவில் இவ்வதிர்வு மணிக்கு 18,000. அஃதாவது நொடிக்கு 5, நாளொன்றுக்கு 4,32,000. ஒரு நாளின் 86,400 நொடியில் அக்கடிகாரம் 30 நொடி பிழைப்பினும், அப்பிழை பதினாயிரத்தில் நான்கு பங்கினும் குறைவு. மின்சாரமின்றி, மனிதன் விரல்வலி ஒன்றே கொண்டு இயங்கும் சிறுபொறிக்கு இஃது எளிய செயலன்று.

கடிகாரத்து முகத்தில் '17 கல்' எனக் காண்பார் அதனுள் விலையுயர்ந்த மணிகள் இருப்பதாக மயங்குதலும் உண்டு. அவை வெர்னோய் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1902-இல் வெளியிட்ட முறையைப் பின்பற்றி ஆக்கப்படும் செயற்கைச் செம்மணிகள். சக்கர அச்சுகள் தேயாமல் சுழலுதற்பொருட்டே அவை பதிக்கப்படுகின்றன. அவற்றை விற்றுப் பொருளீட்ட இயலாது.

பேணும் முறை

முதலாவது, சாவி கொடுத்தல். நாள்தோறும் ஒரே வேளையில், தடை தோன்றுமளவும் மெல்லத் திருகி, அதன்மேல் வலிந்து திருகாது விடுதல் வேண்டும். தேதி காட்டும் கடிகாரமாயின், இரவு 9 மணிக்கும் பின்னிரவு 3 மணிக்கும் இடையே தேதியைக் கையால் மாற்றுதல் கூடாது. அவ்வேளையில் தேதிச் சக்கரத்தின் பற்கள் பிணைந்திருக்குமாதலின் அவை முறிதல் கூடும்.

இரண்டாவது, எம் வட்டாரத்துக்கே உரிய இடையூறு. மோட்டார்களுக்கும் காந்தப் பிடிகளுக்கும் அருகில் தொழில் செய்வோர் சிலர், தம் கடிகாரம் திடீரென நாளொன்றுக்குப் பல நிமிடம் விரைந்தோடுவதாகக் குறை கூறுவர். இது பெரும்பாலும் பழுதன்று; காந்தமேறுதலே. ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் காந்தத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, அதன் நீளம் குறைந்தாற்போலாகி ஊசல் விரைவடைகின்றது. திசைகாட்டியைக் கடிகாரத்தின் அருகிற் பிடித்தால் அதன் முள் அசைந்து உண்மையை உணர்த்தும். காந்தம் நீக்கும் சிறு கருவி இதனை நொடிப்பொழுதில் தீர்க்கும். இதனை அறியாதார் கடிகாரத்தைக் கழற்றி வீண்செலவு செய்வர். பழவேற்காட்டுப் பக்கத்து உப்புக்காற்றும், உழைப்போர் வியர்வையும், ஆலையின் இரும்புத்தூளும் வேறு பகைகள். இரவில் கடிகாரத்தைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து வைத்தல் நலம்.

மூன்றாவது, கடைக்காரர் ஆயில் சர்வீஸ் என வழங்கும் சுத்திகரிப்பு. ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் இது வேண்டும். ஏனெனில் எண்ணெய் நாளடைவில் உலர்ந்து பிசினாகிச் சக்கரங்களை அரிக்கும். இதனைத் தாமே செய்ய விழைவார், ஓடாத மலிந்த கடிகாரம் ஒன்றை வாங்கி அதனைப் பலமுறை கழற்றிக் கோத்துப் பழகிய பின்னரே நல்லதைத் தொடுதல் வேண்டும். திருப்புளியும் சாமணமும் கண்ணிற் பொருத்தும் லென்சும் தூசியற்ற மேசையும் இன்றியமையாதன. சக்கரங்களைத் தொடுமுன் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மெல்லத் தளர்த்திவிடல் முதல் விதி. இன்றேல் சக்கரங்கள் கட்டின்றிச் சுழன்று முறியும். உறுப்புகளைக் கழுவி உலர்த்திய பின், கற்குழிகளில் மெல்லிய எண்ணெயில் ஒரு துளியினும் சிறு துளி இடல் வேண்டும். சக்கரப் பற்களுக்கும் கவையின் அச்சுக்கும் எண்ணெய் இடுதல் ஆகாது. பழகுவோர் பலர் செய்யும் பிழை, மிகுதியாக எண்ணெய் இடுவதேயாகும்.

ஓர் எச்சரிக்கை. 1960-க்கு முற்பட்ட சில கடிகாரங்களின் முட்களில் இருளில் ஒளிரும் ரேடியப் பூச்சு உண்டு. ஒளி அவிந்துவிட்டமையால் நஞ்சும் அவிந்தது எனக் கருதற்க. ரேடியத்தின் ஆற்றல் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,600 ஆண்டு செல்லும். அத்தகைய கடிகாரங்களைத் திறந்து சுரண்டுதல் உடலுக்குக் கேடு.

மெய்யும் ஒட்டும் போலியும்

இனி, இப்பொழுதுபோக்கின் நடுவிலுள்ள சிக்கலுக்கு வருவாம். பழைய கடிகாரம் என விற்கப்படுவனவற்றை நான்காகப் பகுக்கலாம்.

முதல்வகை, தோன்றிய நாளில் இருந்த உறுப்புகளோடு விளங்குவது. தேய்ந்த ஸ்பிரிங்கையும் கண்ணாடியையும் அதற்குரிய உறுப்புகளால் மாற்றியது இதனிற் சேரும். பழுது நீக்குதலால் ஒன்றன் மெய்ம்மை கெடுவதில்லை.

இரண்டாம் வகை, உரியவர் தம் விருப்பத்தால் வெளிப்படையாக மாற்றியமைத்தது. சீக்கோ குழுமத்தின் என்எச்35 என்னும் இயக்கப்பொறி 24 கற்களும் மணிக்கு 21,600 அதிர்வும் உடையது. தனியே விலைக்குக் கிடைப்பது. இளைஞர் பலர் அதனை வாங்கி, முகமும் முட்களும் கூடும் தாம் தேர்ந்து இணைத்துக் கடிகாரம் செய்கின்றனர். இஃது உழைப்பும் கைத்திறனும் வளர்க்கும் நல்ல கலை.

மூன்றாம் வகை ஒட்டுக் கடிகாரம். ஒன்றன் கூடு, மற்றொன்றன் பொறி, புதிதாக அச்சிட்ட முகம் என ஒட்டவைத்து, பழைமை மாறாத அரும்பொருள் என விற்கப்படுவது இது. எச்.எம்.டி., சீக்கோ, ஃபாவர்-லூபா ஆகியவற்றின் பெயரால் இவ்வகை மிகுதியாக உலவுகின்றது. வெளிநாட்டுச் சேர்ப்போர் இவற்றுக்குப் பம்பாய் நகரின் பெயரையே அடைமொழியாக இட்டு நகையாடுவர். நம் நாட்டுத் தொழிலாளரின் கைத்திறன் இங்ஙனம் நகைப்புக்கு இடமாவது வருந்தத்தக்கது.

நான்காம் வகை முழுப்போலி. பிறர் பெயரையும் சின்னத்தையும் பொறித்து, அவர் செய்ததே எனத் தோன்றச் செய்வது. 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின்படி, பொய்ச்சின்னம் இடுதலும் அத்தகைய பொருளை விற்றலும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். பிறர் பெயரின்றித் தம் பெயரிட்டு, பழைய அமைப்பொன்றைப் பின்பற்றிச் செய்யும் கடிகாரம் இக்குற்றத்தின்பாற் படாது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இவற்றைப் பிரித்தறிய வழியுண்டு. முகத்து எழுத்துகளை லென்சால் நோக்கினால், மூலத்தில் அவை விளிம்பு கூர்மையாகவும், பின்னர் அச்சிட்டதில் மை பரந்து தடித்தும் காணப்படும். ஐம்பதாண்டுக் கடிகாரத்தின் முகம் நேற்று வந்தது போலப் பளபளக்க, கூடு மட்டும் தேய்ந்திருப்பின் ஐயுறல் தகும். பொறியில் பொறித்த பெயரும் எண்ணும் முகத்தோடு ஒத்தனவா என நோக்கல் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, விலை மிக மலிந்திருப்பின் ஏன் என வினவுதல் நலம்.

எம் பாட்டனாரின் கடிகாரம்

இவையெல்லாம் யாம் நூலில் மட்டும் கற்றன அல்ல. எம் பாட்டனார் கும்மிடிப்பூண்டியில் ஓர் உருட்டாலையில் தொழில் செய்து ஓய்வு பெற்றவர். அவர் அணிந்தது ஓர் எச்.எம்.டி. ஜனதா. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் எம் வீட்டில் நீர் புகுந்தபொழுது அக்கடிகாரமும் நனைந்தது. பின்னர் ஓடலாயிற்றெனினும், முகத்தில் 7-ஆம் எண்ணருகே காசளவில் பழுப்புக் கறை நின்றுவிட்டது. பாட்டனார் இறைவனடி சேர்ந்த பின் அது எம் கைக்கு வந்தது.

அக்கறை எமக்கு அழகின்மையாகத் தோன்றிற்று. பழுதுபார்ப்பார் ஒருவர், புதுமுகம் இட்டால் புத்தம்புதிய கடிகாரமாகும் என்றார். யாமும் உடன்பட்டோம். இரண்டு நாளில் வெண்முகம் பளிச்சிடக் கடிகாரம் வந்தது. பழைய முகம் எங்கே என யாம் கேட்கவில்லை. மறுவாரம் கேட்டபொழுது அது குப்பையோடு போயிற்று என்றனர். பிழை அவர்பால் இல்லை. கேளாதது எம் பிழையே.

மகிழ்ச்சியோடு பாட்டியாரிடம் காட்டினோம். அவர் கண்ணருகே பிடித்து நெடுநேரம் நோக்கினார். பின்னர், "நன்றாயிருக்கிறதப்பா. அவருடையது எங்கே?" என்று வினவினார். அதுவே அவருடையது என விளக்க முற்பட்டோம், நா எழவில்லை. வெள்ளத்தன்று இரவு மாடியில் அமர்ந்து, ஈரத்துணியால் அக்கடிகாரத்தைத் துடைத்துத் துடைத்துப் பாட்டனார் பொழுது பார்த்தமையை அப்பொழுதுதான் அவர் எமக்குச் சொன்னார். யாம் கறை என்று நீக்கியது அவருக்கு அவ்விரவின் நினைவாயிருந்தது.

சில திங்கள் சென்றபின், சேர்ப்போர் ஒருவர் அதனைக் கண்டு, மூலமுகம் கெடாத ஜனதா எனக் கருதி, யாம் எதிர்பாராத பெருந்தொகை தருவதாகக் கூறினார். தேர்வுக் கட்டணம் செலுத்தவேண்டிய நாளும் அணுகியிருந்தது. கடிகாரம் இனி எமக்கு எதற்கு என்றொரு நினைவும் எழுந்தது. முகத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. யாமாகச் சொல்லவும் வேண்டாமே என உள்ளம் வழக்காடிற்று. கேளாதார்க்குச் சொல்லாமை பொய்யாகுமா என ஓர் இரவு முழுவதும் எண்ணினோம். கள்ளத் தராசைக் கடியும் திருமறையை ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்த எமக்கு விடை தெரியாமலில்லை. விடையை விரும்பாமையே இருந்தது.

மறுநாள் முகம் புதியது என அவரிடம் கூறினோம். அவர் சற்று நேரம் வாளா இருந்து, கேட்ட விலையிற் பாதிக்கும் குறைவாகத் தருவதாகச் சொன்னார். அவ்விலைக்குப் பாட்டனாரின் கடிகாரத்தை விற்க மனம் ஒருப்படவில்லை. கட்டணத்தை ஓர் உறவினரிடம் கடன்பெற்றுச் செலுத்தினோம். அச்சேர்ப்பவரோ பின்னர் எமக்கு நண்பராகி, லென்சு பிடிக்கவும் ஸ்பிரிங் தளர்த்தவும் கற்பித்தார். இக்கட்டுரையில் கூறியவற்றுட் பல அவரிடம் பயின்றனவே. அக்கடிகாரம் இன்றும் எம்மிடம் உளது. அதன் கூடும் பொறியும் பாட்டனாருடையன. முகம் மட்டும் எம்முடையது. கேட்பார் எவர்க்கும் அவ்வாறே கூறுகின்றோம்.

மூன்று நெறிகள்

இவ்வனுபவத்தால் யாம் மூன்று நெறிகளைக் கைக்கொண்டுள்ளோம். மாணவ அன்பர்க்கும் அவை பயன்படுமென நம்புகின்றோம்.

ஒன்று: கழற்றிய பழைய உறுப்பு எதுவாயினும் எறியற்க. சிறு உறையிலிட்டுக் கடிகாரத்தோடு வைத்தால், பின்வருவோர் வேண்டின் மீண்டும் இணைக்கலாம். கடையில் கொடுக்குமுன்னரே இதனைச் சொல்லிவிடுதல் வேண்டும்.

இரண்டு: ஒவ்வொரு கடிகாரத்துக்கும் ஒரு தாள் எழுதுக. எந்நாளில் எவ்வுறுப்பு மாற்றப்பட்டது, எண்ணெய் எப்பொழுது இடப்பட்டது, நாளொன்றுக்கு எத்தனை நொடி பிழைக்கின்றது என்பனவற்றைக் குறித்து வைப்பின், அது பழுதுபார்ப்பார்க்கும் வாங்குவார்க்கும் ஒருங்கே துணையாகும்.

மூன்று: ஒன்றனுக்கு உரியதல்லாத பெயரை அதன் முகத்தில் இடற்க, இட்டதை அறிந்து விற்கற்க. மாற்றியதை மாற்றியது என்றே சொல்லி விற்பின் அதில் இழிவில்லை.

முடிவுரை

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு மின்தொடர்வண்டி ஏறுவோர் மூர் மார்க்கெட் வளாகம் என்னும் நிலையத்தில் ஏறுகின்றனர். பழம்பொருள் விற்கும் இடமாக விளங்கி 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டின் பெயரை அந்நிலையம் தாங்கி நிற்கின்றது. அங்காடி மறைந்தது; பழம்பொருளை நாடும் உள்ளம் மறையவில்லை. திறன்பேசி நொடியும் பிழையாது பொழுது கூறும் இந்நாளில், நாளுக்கு அரை நிமிடம் பிழைக்கும் கடிகாரத்துக்கு ஒருவன் காலையில் சாவி கொடுப்பது பொழுதறிதற்பொருட்டு மட்டுமன்று. அதனை அணிந்து உழைத்தவரை நினைத்தற்பொருட்டும், ஒரு பொறியைத் தன் கையால் பேணக் கற்றற்பொருட்டுமாம்.

அங்ஙனம் பேணுவோர், முல்லைப்பாட்டின் நாழிகைக் கணக்கர் பெற்ற அவ்வொரு சிறப்பினைத் தாமும் பெறுதல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள். கடிகாரம் சில நொடி பிழைக்கலாம். அதனைத் திருத்த வழியுண்டு. அதனைக் குறித்து நாம் கூறும் சொல் பிழையாதிருத்தல் நம் கடன்.